மைனஸ் பதினெட்டு

இந்த ஊரில் குளிர்காலம் கிடையாது.
அதை நாங்கள் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறோம்,
மைனஸ் பதினெட்டில்,
இரட்டைப் பூட்டுப் போட்டு.

ஆனால் அந்த நவம்பர், விடிகாலை ஐந்தே முக்கால்,
மூன்று நாள் மழையில் ஊறிய பினாங்குப் பாலத்தின் மேல்
காற்று கடலைச் சுருட்டி முகத்தில் அடித்தபோது
பெட்டிக்குள் எது வெளியே எது என்று தெரியாத குளிர்.

பிறை டோலிலேயே லோரி சொல்லிவிட்டது,
இரண்டாம் கியரில் ஒரு இருமல்.
"அண்ணே, சூடு ஏறுது" என்றான் கெலிண்டான் யுகேந்திரன்.
"பாயான் லெப்பாஸ் வரைக்கும் தாங்கும்" என்றேன்.
தாங்கும்:
பத்தொன்பது வருஷமாக என் வாயில் கிடக்கிற சொல்.
பிரேக்குக்கும் அதைத்தான் சொல்வேன்
சம்பளத்துக்கும்.

பாலத்தின் முதுகு உயர்கிற இடத்தில் நின்றது.
இடது ஓரம்.
மோட்டார் சைக்கிள்காரர்களின் தடத்தை
முழுசாக அடைத்துக்கொண்டு.
விளக்குகள் செத்துப்போயின.
குளிர்ப்பெட்டி மட்டும் தன் தனி இஞ்சினில்
ஒன்றும் நடக்காதது போல முனகிக்கொண்டிருந்தது.

சீட்டுக்குப் பின்னால் கையை விட்டேன்.
சிவப்பு முக்கோணம் இல்லை.
சிவப்பு அணிக் கூடாரத்தில் கட்ட
என் மகள் கேட்டு வாங்கிப் போயிருந்தாள்.
வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன் என்றாள்.
மழையால் போட்டி தள்ளிப்போனது.

மீன் பெட்டிகளை இறக்கி வைக்கலாம் என்பது
என் யோசனை.
போலீஸில் யுகேந்திரன் தன்னுடையது என்றான்.
மூன்று வெள்ளைப் பெட்டிகள், இருபது இருபது அடி தள்ளி.
கடைசிப் பெட்டிக்கும் அப்பால் போய்
கைபேசி வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டு நின்றான்,
குப்பைப் பையைச் சட்டையாக மாட்டிக்கொண்டு.

முதலில் வந்தவர்கள் விலகினார்கள்.
ஒருவர் கையை உயர்த்தி நன்றிகூடச் சொன்னார்.
ஏழு மணி ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும்,
ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு,
மழைக்கு நெஞ்சைக் காட்டாமல்.

பிறகு ஒரு பஸ் வாரி இறைத்த தண்ணீர்.
அந்தத் தண்ணீரும் வெள்ளை.
பெட்டியும் வெள்ளை.

உடைந்த சத்தம் சின்னதுதான்,
அப்பளம் நொறுங்குவது மாதிரி.
உறைந்த கெம்போங் மீன்கள் ரோட்டெல்லாம் வழுக்கி ஓட,
இரண்டாவது வண்டி, மூன்றாவது,
நாலாவது வண்டி கம்பித் தடுப்பில் போய்

நான் ஓடினேன். ஓடவில்லை.
மீன்மேல் கால் வைத்து விழுந்து
முழங்காலில் தவழ்ந்தேன்.

நீல ஜாக்கெட். கழுத்துப் பட்டையில் பெயர் ரொஹானா.
ஹெல்மெட்டில் ஒரு பூனை ஸ்டிக்கர்.
யுகேந்திரன் தன் குப்பைப் பையைக் கழற்றி
அவள்மேல் போர்த்தினான்.
வேறு என்ன இருந்தது எங்களிடம்,
ஒரு டன் ஐஸைத் தவிர.

வண்டிக் கைப்பிடியில் தொங்கிய நாசி லெமாக்
இன்னும் சூடாக இருந்தது.
அந்தப் பாலம் முழுக்க அது ஒன்றுதான்.

ஆம்புலன்ஸ் வருமுன் தவ்கே கூப்பிட்டார்.
எத்தனை பெட்டி போச்சு?
மூன்று.
மிச்சம்?
கதவுப் பக்கத்து மீட்டரைப் பார்த்துச் சொன்னேன்:
மைனஸ் பதினெட்டு, தவ்கே. நல்லா இருக்கு.
அப்படித்தான் சொன்னேன்.
மரியாதையாக.

ஜனவரியில் விளையாட்டுப் போட்டி நடந்தது.
என் மகள் நூறு மீட்டரில் மூன்றாவது.
கூடாரத்து உச்சியில் ரிப்பன் சுற்றி நின்றது அது.
அவிழ்த்து, துடைத்து,
"அப்பா, லேட்டாயிடுச்சு, சாரி" என்று நீட்டினாள்.

லைசென்ஸ் இல்லாதவன்
அதை மடியில் வைத்துக்கொண்டு
இருநூற்று நாலில் ஏறி உட்கார்ந்தேன்.
பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.
எல்லாரும் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.